அது நம் வீட்டுக் கரப்பான்

அன்புள்ள ரியாஸ்,

உன் மீது சாந்தி உண்டாகட்டும். உன் சமையலறை மீதும் கொஞ்சம் உண்டாகட்டும். அனகாபுத்தூருக்கும் சேலையூருக்கும் நடுவில் ஒரு ஆட்டோ தூரம்தானே, போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் போனில் என்ன பேசினாலும் "சரிம்மா" என்கிறாய், இல்லாவிட்டால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்கிறாய். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. மடித்து வைக்கலாம், ஆனால் மறுபடி பிரித்தால் விட்ட இடத்திலிருந்தே திட்டும். அதனால் எழுதுகிறேன். உங்க அத்தாவிடம் படித்துக் காட்டி, அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். மருமகள் சமீமாவுக்கும் அவள் அம்மாவுக்கும் ஒவ்வொரு நகல் போகிறது. நீ பேசியது எல்லார் முன்னாலும் பேசியது. அதற்கு நான் சொல்லும் பதிலும் ரகசியமாக இருக்கக் கூடாது. அதோடு, புதிதாகத் தனிக்குடித்தனம் போகிற வேறு எந்தப் பிள்ளையின் கையில் இது கிடைத்தாலும் படித்துக்கொள்ளட்டும். பூச்சி இல்லாத வீடு யாருக்கும் வாடகைக்குக் கிடைப்பதில்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் பாதி, மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த பேப்பரில் படித்தது. மீதி, நீ வாங்கிக் கொடுத்த போனில் பார்த்தது. அதற்கும் மேலே மிச்சமிருப்பது இந்தச் சமையலறையில் விளக்குமாறும் கையுமாக நின்று தெரிந்துகொண்டது. கணக்கு நோட்டில் வருஷா வருஷம் பூச்சி மருந்துக்கென்று ஒரு வரி எழுதுகிறேன். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ரொம்ப நாள் யோசித்துவிட்டு, கடைசியில் "விருந்தாளிச் செலவு" என்று போட்டுவிட்டேன். வருகிறார்கள், தின்கிறார்கள், போகமாட்டேன் என்கிறார்கள். வேறு எதில் சேர்ப்பது?

முதலில் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உன் மாதிரிப் பிள்ளைகளுக்கு, தான் என்ன செய்தோம் என்பது அடுத்தவர் வாயால் கேட்டால்தான் தெரிகிறது. பெண் வீட்டாரைக் கூப்பிட்டு உங்கள் புது வீட்டில் நீங்கள் கொடுத்த முதல் விருந்து அது. முந்தின நாளிலிருந்தே அந்தப் பெண் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "மாமி, தால்சாவுக்கு மாங்கா போடவா, புளி போதுமா?" என்று எனக்கு எத்தனை போன்! அவள் பயந்தது எங்களுக்காக இல்லை, அவள் அம்மாவுக்காக. பொழிச்சலூரில் உன் மாமியாரின் சுத்தத்தைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. நாமெல்லாம் சமைத்த பாத்திரத்தைக் கழுவுவோம். அவர் சமைப்பதற்கு முன்னாலும் ஒரு தடவை கழுவுவார். அவர் கண்ணில் பாஸானால் போதும் என்று அந்தப் பெண் கூடத்தில் வெள்ளை விரிப்பைப் போட்டு, பிரியாணி, தால்சா, கத்திரிக்காய் என்று வரிசையாகக் கொண்டுவந்து வைத்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லி எல்லாரும் கை வைத்தோம்.

அப்போதுதான் அது வந்தது. ஊறுகாய்க் கிண்ணத்துக்குப் பின்னாலிருந்து, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி நிதானமாக நடந்து வந்தது. உன் மாமனார் கவளத்தைக் கையில் வைத்தபடியே, "அது என்ன?" என்றார். உங்க அத்தா சட்டென்று, "பேரீச்சங்கொட்டை சம்பந்தி, ஒண்ணுமில்ல" என்றார். கொட்டை மீசையை ஆட்டியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். எல்லாரும் சிரித்து முடித்துவிட்டு அடுத்த கவளம் எடுத்திருப்போம். அவ்வளவுதான் விஷயம். நீதான் சும்மா இருக்கவில்லை.

"என்ன சமீ இது? கிச்சன் நீட்டா இருந்தா இதெல்லாம் வருமா?" என்றாய். அதோடு நிறுத்தினாயா? அவள் அம்மா உட்கார்ந்திருக்கிற பக்கம் திரும்பி, "எல்லாம் சீர் சாமான் வந்த டப்பாவோட வந்ததா இருக்கும்" என்றாய். ஒரே மூச்சில் மகளுடைய சமையலறையையும் தாயுடைய வீட்டையும் சேர்த்து அழுக்காக்கிவிட்டாய். கரப்பான் கூட ஒரு கிண்ணத்தைத்தான் தொட்டது. சமீமா தன் அத்தா பக்கம் குனிந்து, "தால்சா ஊத்தவா அத்தா?" என்று மட்டும் கேட்டாள். எல்லாருக்கும் பரிமாறினாள், பாத்திரம் தேய்த்தாள், அடுப்பைத் துடைத்தாள், புர்காவை மாட்டிக்கொண்டாள். உன் மாமியார் வாசலில் நின்று, "ஒரு வாரம் எங்களோட இருக்கட்டும் மாப்ள" என்றார். நீ "அதனால என்ன மாமி, தாராளமா" என்றாய். அவருடைய மரியாதைக்குள் இருந்த கத்தி எனக்குத் தெரிந்தது, உனக்குத் தெரியவில்லை. ஆட்டோ போனதும் நீ கடைக்குப் போய் இன்னொரு ஸ்ப்ரே டப்பா வாங்கி வந்து, சமையலறை முழுக்க அடித்து, கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னாய்: "பூச்சி போனா அவளே வந்துடுவாம்மா."

பூச்சி போகும் மகனே, நான் பொறுப்பு. அவள் வருவாளா என்பதற்கு நான் பொறுப்பில்லை. அதனால் இந்தக் கடிதத்தில் கரப்பானைப் பற்றி நான் எழுதுவதை எல்லாம் கரப்பானைப் பற்றி மட்டும் என்று எடுத்துக்கொள்ளாதே.

கரப்பானில் நம் வீடுகளுக்கு வருவது முக்கியமாக இரண்டு ஜாதி. ஒன்று பெரியது. செம்பழுப்பாக, கட்டைவிரல் நீளத்துக்கு இருக்கும். சாக்கடையில் குடியிருக்கும். மழை பெய்து சாக்கடை நிரம்பினால் பாத்ரூம் ஓட்டை வழியாக மேலே ஏறி வந்து நின்று நம்மைப் பார்க்கும். அது வழிப்போக்கன். ஓட்டைக்கு வலை போட்ட மூடி வைத்து, ராத்திரி ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டால் பாதிக்கு மேல் நின்றுவிடும். இன்னொன்று சின்னது. விரல்நகம் அளவு, வெளிர்பழுப்பு, கழுத்துக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு இருக்கும், பள்ளிக்கூடப் பை மாட்டின பிள்ளை மாதிரி. இது சாக்கடையிலிருந்து வருவதில்லை. யாராவது தூக்கிக்கொண்டு வந்தால்தான் வரும். அட்டைப் பெட்டியில் வரும், பழைய ஃப்ரிட்ஜில் வரும், மளிகைப் பையில் வரும். வந்துவிட்டால் போகாது, சூடான இடமும் ஒரு சொட்டுத் தண்ணீரும் இருந்தால் போதும், குடும்பம் பெருகும். அதற்குச் சாப்பாடு ஒரு பெரிய விஷயமே இல்லை. அட்டையை ஒட்டின பசையையே தின்று காலம் தள்ளும். தாகம்தான் தாங்காது. உன் சிங்க்குக்குக் கீழே குழாய் சொட்டுகிறது என்று சமீமா உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நீ வீட்டுக்காரரிடம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாய். உனக்கு அது ஒரு சொட்டு. அதற்கு அது வீராணம் ஏரி.

சுத்தமாக இருந்தால் பூச்சி வராது என்று எவன் சொன்னான்? நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து படிப்பு முடிந்து வந்தபோது பெட்டியில் மூட்டைப்பூச்சி கொண்டுவந்தாய், ஞாபகம் இருக்கிறதா? முதுகெல்லாம் தடிப்பு. "வேர்க்குரும்மா, வேர்க்குரு" என்றாய். வரிசையாக மூன்று மூன்றாக எந்த வேர்க்குரு வரும்? நான் டார்ச்சை எடுத்து மெத்தைத் தையலைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. உன் துணியெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் முக்கி, மெத்தையைக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் கட்டி, கட்டிலைக் கழற்றி, இடுக்கு இடுக்காக வெந்நீர் ஊற்றினோம். நம் வீடு அன்றைக்கும் சுத்தமாகத்தான் இருந்தது. மூட்டைப்பூச்சிக்கு நம் ரத்தம் போதும், நம் தரை எப்படி இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. உன்னை அப்போது நான் "அழுக்குப் பயலே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பூச்சி செத்திருக்காது, நீதான் கொஞ்சம் செத்திருப்பாய்.

எறும்புக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் சர்க்கரை டப்பாவில் அதையும் பார்த்தேன். எறும்பைக் கொல்லக் கூடாது என்று எனக்குச் சின்ன வயதில் மதரஸாவில் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பேச்சை நான் மீறினதில்லை. மீறவும் தேவையில்லை. எறும்புக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. முன்னால் போனது விட்டுப் போன வாசனையை மோந்துகொண்டுதான் பின்னால் வருவது வரும். வரிசையை நசுக்காதே, வழியைத் துடை. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, எங்கிருந்து வருகிறதோ அந்த ஓட்டை வரைக்கும் துடைத்துவிடு. சர்க்கரையை இறுக மூடி வை, ஓட்டையை அடை. "இன்னிக்குக் கடை லீவு" என்று போர்டு மாட்டின மாதிரி திரும்பிப் போய்விடும். கரப்பான் விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம் இருந்தது. உங்க அத்தாவைப் பள்ளிவாசலுக்கு அனுப்பி ஹஜ்ரத்திடம் கேட்டு வரச் சொன்னேன்.

"இடைஞ்சல்னா விரட்டுங்க. முடியலைன்னா கொல்லலாம். நெருப்புல போடாதீங்க, வதைக்காதீங்க" என்றாராம் ஹஜ்ரத்.

"எது அடிச்சாலும் சாக மாட்டேங்குதே ஹஜ்ரத்?" என்று கேட்டிருக்கிறார் இவர்.

"அப்ப வதைபடறது நீங்கதான். பொறுத்துக்குங்க, அதுக்கும் நன்மை எழுதப்படும்" என்று அனுப்பிவிட்டார்.

அந்தக் கணக்கில் பார்த்தால் உங்க அத்தாவுக்குச் சுவர்க்கத்தில் இந்நேரம் ஒரு அடுக்குமாடியே கட்டி முடித்திருப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு விரிப்பில் அதைப் பார்த்த உடனே எனக்கு எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. சின்னது, இரண்டு கோடு. ராத்திரி படுத்தும் மனசு ஆறவில்லை. செவ்வாய்க்கிழமை நீ ஆபீஸ் போனதும், நீ எங்களிடம் கொடுத்து வைத்திருக்கும் சாவியை எடுத்துக்கொண்டு, உங்க அத்தாவையும் டார்ச்சையும் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். கேட்காமல் வந்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் மீட்டிங்கில் இருந்திருப்பாய்.

முதலில் சமீமாவின் அலமாரிகளைப் பார்த்தேன். கதவுக் கீல்களின் ஓரத்தில் கடுகளவு கடுகளவாகப் பழுப்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாக ஏதோ வைத்திருந்தாள். அவளுக்கே போன் போட்டுக் கேட்டேன். "கரப்பான் ஜெல் மாமி. அதைத் தின்னுட்டுப் போய் அதுங்க கூட்டத்துல செத்துச்சுனா, அதைத் தின்ன மத்ததும் சாவும். போன வாரமே வெச்சேன்" என்றாள். "அப்ப ஏன் மருந்து வேலை செய்யல?" என்றேன். "அவரு தினமும் ராத்திரி அது மேலயே ஸ்ப்ரே அடிச்சிட்டாரு மாமி" என்றாள். அட என் புத்திசாலிப் பிள்ளையே! அவள் பிரியாணி வைத்துக் கூப்பிடுகிறாள், நீ அதன் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுகிறாய். ஸ்ப்ரே வாசனை பட்ட இடத்தில் கரப்பான் வாய் வைக்காது. கண்ணெதிரே நாலு செத்து விழும், மிச்சமெல்லாம் சுவருக்குள் ஓடிப்போய் நீ டப்பாவைக் கீழே வைக்கக் காத்திருக்கும். உனக்கு வீரம், அவளுக்கு வேலை வீண்.

அப்புறம் நாற்காலி போட்டுப் பரணைப் பார்த்தேன். பரணில் அடைத்துக்கொண்டு நின்றது ஒரு ஃப்ரிட்ஜ் அட்டைப் பெட்டி. அதற்குள் டிவி பெட்டி, அதற்குள் மிக்ஸி பெட்டி, அதற்குள் இஸ்திரிப் பெட்டியின் பெட்டி. மேலே உங்க அத்தாவின் கையெழுத்து, "இந்தப் பக்கம் மேலே" என்று.

உங்க அத்தாவுக்கும் அட்டைப் பெட்டிக்கும் உள்ள பந்தம் உனக்குத் தெரியும். எந்தச் சாமான் வாங்கினாலும், "கேரண்டி முடியிற வரைக்கும் டப்பாவைத் தொடாதே" என்பார். கேரண்டி முடிந்தால், "வீடு மாத்தினா தேவைப்படும்" என்பார். சொந்த வீட்டில் இருந்துகொண்டு எங்கே மாற்றுவது? அடையாறு பெருகி நம் தெருவுக்குள் வந்த வருஷம் இடுப்பளவு தண்ணீரில் ஃப்ரிட்ஜ் மிதந்தது. நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு நிற்கிறேன், இவர் பரணைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ், டப்பாவுக்கு ஒண்ணும் ஆவல" என்றார். ஃப்ரிட்ஜ் போய்விட்டது. பெட்டி இன்றுவரை கன்னி கழியாமல் இருக்கிறது. நீ சேலையூருக்குக் குடிபோனபோது பாத்திரம் கட்டிக் கொடுக்க இதைத்தான் கொடுத்தார், அந்தப் பெட்டிக்கே ஒரு கல்யாணம் செய்து வைத்த மாதிரி கண் கலங்கினார்.

நான் நாற்காலியில் நின்றபடி பெட்டி மடிப்பை டார்ச் அடித்து விரித்துப் பார்த்தேன். அட்டையின் நெளிவு நெளிவான குழாய்களுக்குள் பெரியவர், நடுவயது, குழந்தை குட்டி என்று ஒரு தெருவே குடியிருந்தது. மடிப்பு ஓரத்தில் பழுப்புப் பயறு மாதிரி முட்டைக் கூடு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வகுப்பறைப் பிள்ளைகள். இரண்டு கோடு, இரண்டு கோடு, இரண்டு கோடு. நம் அனகாபுத்தூர்ச் சமையலறையில் மிக்ஸிக்கு அடியில் இத்தனை வருஷமாக நான் பார்த்து வருகிற அதே வம்சம். அது நம் வீட்டுக் கரப்பான், ரியாஸ். உன் மாமியார் வீட்டுச் சீரோடு ஒன்றும் வரவில்லை. நம் சீராக நாம் அனுப்பி வைத்தது.

"என்னங்க, சமீமா வீட்டு சாமான் வந்த டப்பாவெல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

உங்க அத்தா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு குடிவந்த அன்னிக்கே அதையெல்லாம் பிரிச்சு மடிச்சு வெளிய போட்டுடுச்சு."

"இது மட்டும் ஏன் இருக்கு?"

"இதையும் போட்டுடலாமா மாமான்னு கேட்டுச்சு. நான்தான் வேணாம், இருக்கட்டும்மான்னேன். சரிங்க மாமான்னுடுச்சு."

இந்த இடத்தில் கடிதத்தைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு யோசி. அவளுக்குத் தெரியும். விரிப்பில் அது வந்தபோது எங்கிருந்து வந்தது என்று அந்தக் கூடத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். "உங்க அத்தா டப்பாதான், மேல ஏறிப் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் வாய் அடைத்திருக்கும். சொல்லவில்லை. மாமனார் தலை குனிய வேண்டாம் என்று நீ வாயால் அடித்ததைத் தானே வாங்கிக்கொண்டு தால்சா ஊற்றினாள்.

உங்க அத்தா தானே ஏறி, பெட்டியைப் பெரிய பிளாஸ்டிக் சாக்கில் போட்டு வாயை இறுகக் கட்டினார். சாக்கில் கட்டாமல் அட்டையை இழுத்தால் வழியெல்லாம் உதிர்ந்து ஓடும், அதை நீயும் நினைவில் வைத்துக்கொள். அனகாபுத்தூருக்குத் திரும்பி, நம் பரணையும் அதே கையோடு காலி செய்தார். பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டேன். அவர் சாக்குகளைப் பார்த்துவிட்டு, "இன்னா பாய், அல்லாம் டப்பாவாவே கீது, சாமான் எங்க?" என்றார். உங்க அத்தா, "சாமான்லாம் போச்சுப்பா, டப்பாதான் கேரண்டி" என்றார். வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றார். ஹஜ்ஜுக்கு ஆள் அனுப்பின மாதிரி நின்றார்.

இனி நீ செய்ய வேண்டியது. முதலில் சிங்க் குழாய், அதை இன்றைக்கே ஆள் வைத்துச் சரிசெய். வீட்டுக்காரர் பார்ப்பார் என்று விடாதே. ஸ்ப்ரேயைத் தூக்கி எறி. அது அடித்த இடமெல்லாம் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிட்டு, சமீமா வைத்திருந்த அதே இடங்களில் ஜெல்லைப் புதிதாகப் பொட்டு வை. கீல் ஓரம், ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், மிக்ஸிக்கு அடியில். பெரிதாக அப்ப வேண்டாம், அது சுவருக்குப் பூசும் சாந்து இல்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தின் மேல் படாமல் பார்த்துக்கொள். வைத்துவிட்டுத் துடைக்காமல் சும்மா இரு, உனக்கு அதுதான் கஷ்டம். முதலில் பகலிலேயே தள்ளாடிக்கொண்டு வெளியே வரும். பயப்படாதே, மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். முட்டைக் கூட்டுக்குள் இருப்பதை மருந்து தொடாது. அதனால் இரண்டு மூன்று வாரம் கழித்துப் பொரிந்து வருகிறவர்களுக்காக மறுபடி வை. ராத்திரி எச்சில் பாத்திரத்தைத் தொட்டியில் போட்டு வைக்காதே. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டு ஒன்று உண்டு, அதை வாரம் ஒருமுறை கொட்டிக் காயவை. கொசு அங்கேதான் பிள்ளை பெறும், நீ ஜன்னலைச் சாத்திச் சாத்திப் பார்ப்பாய்.

சமையலறைக்கு இவ்வளவு போதும். கூடத்தில் நடந்ததற்கு ஜெல் கிடையாது.

நேற்று அஸர் தொழுதுவிட்டு உன் மாமியாருக்குப் போன் போட்டேன். அவ்வளவு சுத்தமான மனுஷியிடம் என் வீட்டுக் கரப்பானைப் பற்றி நானே சொல்வது லேசான காரியமா? "சம்பந்தி, அன்னிக்கு வந்தது எங்க வீட்டுக் கரப்பான். எங்க டப்பாவோட போயிருக்கு. சமீமா மேல ஒரு தப்பும் இல்ல. இவன் பேசினதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்று மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"தெரியும் சம்பந்தி" என்றார்.

"சமீமா சொன்னாளா?"

"அவ எங்க சொல்றா, வாயே தொறக்கல. நாங்க மாப்ள பாக்க உங்க வீட்டுக்கு வந்தோம்ல? அன்னிலேர்ந்தே எனக்கு அதைத் தெரியும்."

அவர் நிதானமாகச் சொன்னார். "நீங்க உள்ள டீ எடுக்கப் போனீங்க. டீப்பாய் ஓரமா ஒண்ணு ஏறி வந்துச்சு. எங்க வீட்டுக்காரரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது, அவரு பாத்தாருன்னா அப்டியே எழுந்து செருப்பை மாட்டிடுவாரு. அதான் கையில இருந்த சாசரைக் கவுத்து அது மேல மூடிட்டேன். மேல கைய வெச்சுகிட்டே மஹர் எவ்வளவுன்னு பேசி முடிச்சோம்."

"அப்புறமுமா பொண்ணு குடுத்தீங்க?" என்றேன்.

"மழை தூறிச்சு அன்னிக்கு. வாசல்ல கிடந்த எங்க வீட்டுக்காரரோட செருப்பை உங்க பையன் எடுத்து உள்ள வெச்சான். யாரும் சொல்லல, யாரும் பாக்கலன்னு நெனச்சான். நான் பாத்தேன். கரப்பானுக்குக் கடையில மருந்து கெடைக்குது சம்பந்தி" என்றார் உன் மாமியார்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்கள் போனதும் டீப்பாயில் ஒரு சாசர் கவிழ்ந்து கிடந்தது. "ஊரெல்லாம் சுத்தக்காரின்னு பேரு, சாசரை எப்படி வெச்சிட்டுப் போயிருக்கா பாரு" என்று மனதுக்குள் முனகிக்கொண்டே தூக்கினேன். உள்ளேயிருந்து ஒன்று ஓடியது. அடித்தேனா இல்லையா என்று கூட ஞாபகமில்லை. சாசரைக் கழுவி வைத்துவிட்டேன்.

நம் வீட்டுக் கரப்பானைத் தாய் ஒரு சாசரால் மூடினார். மகள் ஒரு கரண்டி தால்சாவால் மூடினாள். நீ ஒருவன்தான் அதைத் திறந்து ஊருக்குக் காட்டினாய்.

நாளை வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பொழிச்சலூர் போ. நானோ உங்க அத்தாவோ கூட வரமாட்டோம், நீ பேசினதை நீதான் எடுக்க வேண்டும். சமீமாவைத் தனியாக மாடிப்படியில் நிறுத்திக் காதில் சொல்லாதே. கூடத்தில் அவள் அத்தாவும் அம்மாவும் உட்கார்ந்திருக்கும்போது, எல்லாருக்கும் கேட்கும்படி, "அது எங்க வீட்டுலேர்ந்து வந்தது, நான் சொன்னது தப்பு" என்று சொல். இவ்வளவு போதும். மேலே விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் நீ ஸ்ப்ரேயைப் பற்றிப் பேசி இன்னொன்றைக் கெடுப்பாய். சொன்ன உடனே அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வருவாள் என்று பார்த்துக்கொண்டிருக்காதே. டீ கொடுப்பார்கள், நிதானமாகக் குடி. அவள் உள்ளே போனால் எட்டிப் பார்க்காதே. வருகிறாளோ, இன்னும் இரண்டு நாள் இருக்கிறாளோ, அது அவள் விருப்பம். அதுவரைக்கும் உன் மாமனாரோடு எதையாவது பேசிக்கொண்டிரு.

சாசர் விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. அவருக்கு இன்றுவரை தெரியாது. அதையாவது நீ மூடி வை.

துஆக்களுடன்,
உன் அம்மா